சேர்வராயன் மலையில் மான் குரல்: கேட்கவில்லை, புரியவில்லை, காணவில்லை என்றால்

குழல் ஊதி வெள்ளைவால் மானை வரவழைக்கும் அமெரிக்க வேட்டை வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அதையே நம்ம ஏற்காட்டுல செஞ்சு பார்க்கலாமாண்ணா?" என்று சேலத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. ஏன் என்பதைக் கீழே உரிய இடத்தில் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ஆர்வத்துக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. நாம் குரல் கொடுக்காமலே மான் குரல் கொடுக்கும். எங்கே நிற்கிறது, எதைப் பார்த்தது, நம்மைக் கண்டுகொண்டதா என்பதெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்தால் துப்பாக்கியும் வேண்டாம், குழலும் வேண்டாம். பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தாலும் போதும். காட்டெருமை பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விடிகாலையே போயும் ஒரு குரலும் கேட்கவில்லை

விடிகாலை என்று நீங்கள் நினைத்தது விடிகாலையாக இருந்திருக்காது. சேலத்தில் ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பினால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு டீயும் குடித்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். மான்கள் மேய்ச்சலை முடித்துப் புதருக்குள் படுக்கப் போகிற நேரம் அது. முந்தின இரவே மேலே தங்குங்கள். ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் வந்தவுடன் கிளம்பி, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் போய்விடுங்கள். அதற்கு முன்னால், இருட்டில், நடக்க வேண்டாம். சாயங்காலம் என்றால் நாலரை மணியிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை.

அடுத்தது இடம். ஏரியைச் சுற்றியும் பகோடா பாயின்ட்டிலும் ஹாரன் சத்தம்தான் கேட்கும். நாகலூர், செம்மனத்தம் பக்கம் போகும் தோட்டச் சாலைகளில் போக்குவரத்து குறைவு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அது தேவையும் இல்லை. காப்பித் தோட்டமும் காடும் சேரும் ஓரங்களில்தான் கேளையாடு என்கிற சின்ன மான் மேய வரும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கிற ஆட்கள் தோட்டமெங்கும் இருப்பார்கள், அப்போது பறிப்பு முடிந்த பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் போய்விட்டு மலையில் மானே இல்லை என்று சொல்லக் கூடாது.

உட்கார்ந்த பிறகு முதல் இருபது நிமிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் வந்த சத்தத்தில் அடங்கிப்போன இடம் பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். சின்னான் குருவி மறுபடி கத்த ஆரம்பித்தால், உங்களை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

குரைப்பு கேட்கிறது, நாயா மானா என்று தெரியவில்லை

சேர்வராயனில் அதிகமாக வரும் சந்தேகம் இது. கேளையாடு குரைக்கும் மான். தோளுயரம் சுமார் இரண்டடி, செம்பழுப்பு நிறம், நெற்றியில் கருங்கோடுகள். இத்தனை சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு பெரிய சத்தமா என்று தோன்றும். தோட்ட வீடுகளில் நாய் இல்லாத வீடு கிடையாது என்பதால், பலர் மானைக் கேட்டுக்கொண்டே "ஏதோ நாய்" என்று நடந்து போகிறார்கள்.

பிரித்தறிய இடைவெளியைக் கேளுங்கள். நாய் ஒரே மூச்சில் மூன்று நான்கு முறை குரைக்கும், இடையில் உறுமும், ஊளை சேர்க்கும், சுருதியை மாற்றும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நாய் பதில் சொல்லும். கேளையாடு ஒற்றைக் குரைப்பு கொடுத்து நிறுத்தும். சில நொடி கழித்து அதே அளவில், அதே கரகரப்பில் இன்னொன்று. யாரோ ஒருவர் சலிக்காமல் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல அது போய்க்கொண்டே இருக்கும். சில நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் நீளும். நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டக் காவல்காரர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "நாய் ஆளைப் பாத்து கொலைக்கும் தம்பி, அதான் எறங்கி ஏறும். இது தன்பாட்டுக்குக் கொலைக்கும். கடியாரம் வச்சுப் பாரு." கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்ப்பதுதான் உண்மையிலேயே சிறந்த வழி. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு குரைப்புக்கு இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருந்து, பதில் குரலும் வராவிட்டால் அது கேளையாடு.

இன்னொரு அடையாளம் இடம். குரைக்கிற நாய் பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். கேளையாடு ஒரே புள்ளியில் நின்று குரைக்கும். நகர்ந்தாலும் சில அடிதான்.

இரவில் என்றால் பக்கி என்கிற இராக்குருவியும் குழப்பும். மெலிந்த, சீரான "சக் சக்" சத்தம் அதனுடையது, குரைப்பின் கனம் அதில் இருக்காது. பகலில் செம்போத்தின் "கூப் கூப்" சத்தம் தூரத்திலிருந்து ஆழமாகக் கேட்கும். ஆனால் அது வரிசையாக, வேகமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும்.

குரைத்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை

பொறுமை வேண்டிய இடம் இதுதான். மூன்று காரணம் இருக்கலாம், வரிசையாகப் பாருங்கள்.

உங்களைப் பார்த்துத்தான் குரைக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கேளையாடு அடர்ந்த செடிக்குள், தனக்கே எதிரி சரியாகத் தெரியாத நிலையில், அதிகமாகக் குரைக்கும். "உன்னைக் கவனித்துவிட்டேன், ஒளிந்து வந்து பயனில்லை" என்று பதுங்கும் எதிரிக்குச் சொல்லும் குரல் என்று இதை விளக்குவார்கள். அந்த எதிரி நீங்களாக இருக்கலாம். சோதிப்பது சுலபம். வந்த வழியே முப்பது நாற்பது அடி மெதுவாகப் பின்வாங்கி, குனிந்து உட்காருங்கள். குரைப்பின் வேகம் தளர்ந்து நின்றால் காரணம் நீங்கள்தான். அப்படியானால் அன்றைக்கு அந்தத் திசையை விட்டுவிடுங்கள். நிற்காமல் அதே அளவில் தொடர்ந்தால் அது வேறெதையோ பார்த்திருக்கிறது.

இரண்டாவது காற்று. மலையில் விடியும்போது குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறிய பிறகு மேல்நோக்கித் திரும்பும். ஆகவே காலையில் மானுக்குக் கீழே இருங்கள், வெயில் வந்தபின் மேலே இருங்கள். மாற்றி நின்றால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். காற்றைப் பார்க்க ஒரு சிட்டிகை திருநீறோ பவுடரோ விரலிடுக்கிலிருந்து விட்டுப் பாருங்கள். கன்னத்தில் காற்றே படாத நாளிலும் தூள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் உலகெங்கும் முதலில் பார்ப்பது இதைத்தான், பார்வையாளர்களுக்கும் இதுவே முதல் பாடம்.

மூன்றாவது, நீங்கள் பார்க்கும் உயரம். பலரும் நின்றபடி காப்பிச் செடிகளுக்கு மேலே தேடுகிறார்கள். இங்குள்ள அரபிக்கா செடியைக் கவாத்து செய்து ஆள் உயரத்துக்குள் வைத்திருப்பார்கள், மேலே இலைக்கூரைதான் தெரியும். கேளையாடு அந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறது. முழங்காலிட்டு, கீழ்க்கிளைகளுக்கு அடியில், வரிசைகளுக்கு நடுவில் பாருங்கள். முழு மானைத் தேட வேண்டாம். காய்ந்த சருகுக்கு மேல் நேராக நிற்கும் நான்கு மெல்லிய கால்கள், அடிக்கடி அசையும் ஒரு காது, ஓடும்போது தூக்கிய வாலின் வெள்ளை அடிப்பக்கம் என்று துண்டு துண்டாகத்தான் அது கிடைக்கும். ஒருநாள் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு கிடா நின்றது. கொம்பு விரலளவுதான். ஆனால் அது முளைத்த மயிரடர்ந்த தண்டு கொம்பைவிட நீளம். ஒவ்வொரு குரைப்புக்கும் விலா உள்ளே ஒடுங்கி, தலை அரையங்குலம் முன்னால் தள்ளியது. மேலுதட்டோரம் கோரைப்பல்லின் நுனி தெரிந்தது. செடிகளுக்கு மேலே தேடியிருந்தால் அந்த மரத்தடி எனக்குத் தெரிந்தே இருக்காது.

திசையும் ஏமாற்றும். எதிர் மலையில் மோதித் திரும்பும் எதிரொலி ஒரு புறம். விடியலில் பள்ளத்தில் குளிர்காற்று தங்கி மேலே சூடான காற்று இருந்தால், ஒலி தரையை நோக்கி வளைந்து தொலைவுக்குப் பரவும் என்பது இன்னொரு புறம். பக்கத்தில் கேட்பதுபோல இருக்கும் குரல் அடுத்த ஓடைக்கு அப்பாலிருந்து வரலாம். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தலையை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். இரண்டு காதிலும் சமமாக விழும் இடம்தான் திசை. பிறகு ஐம்பது அடி பக்கவாட்டில் போய் அதையே மறுபடி செய்து, இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தைக் கணக்கிடுங்கள்.

மான் கூட்டம் கத்துகிறது, பயமா கூடலா என்று தெரியவில்லை

புள்ளிமான் மலைமேல் தேடுவதைவிட அடிவாரத்துப் புதர்க்காடுகளில் தேட வேண்டியது. அதன் குரலைப் பழக, சேலத்தை ஒட்டி சேர்வராயன் அடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா போதும். அடைப்பில் இருந்தாலும் குரல் அதேதான். காலை முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

அபாயக் குரல் கூர்மையானது, உயர்ந்த சுருதி, சட்டென்று வெட்டியது. ஒரு மான் கொடுத்ததும் கூட்டம் முழுக்கத் தலை தூக்கி ஒரே பக்கம் பார்க்கும். முன்னங்காலால் தரையைத் தட்டும். கலை, அதாவது ஆண்மான், கொடுக்கும் கூடற்குரல் கரடுமுரடாக இழுத்துக் கத்துவது. மூக்கை முன்னால் நீட்டிக் கத்தும், மற்ற மான்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ஆக, கத்துகிற மானை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். புள்ளிமான் ஆண்டு முழுக்க இணைசேரும், எனவே இந்த மாதத்தில்தான் கேட்கும் என்று கறாராகச் சொல்ல முடியாது.

கொம்போடு கொம்பு உரசும் "கடக் கடக்" சத்தமும் அங்கே கேட்கும். இளங்கலைகள் பலம் பார்க்கும் விளையாட்டு அது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இரண்டு கொம்பை அடித்து வெள்ளைவால் மானை இழுப்பது இந்தச் சத்தத்தின் நகல்தான்.

கடமான் குரல் கேட்டால் தவறவிட மாட்டீர்கள். கனமான, உலோகம் போன்ற ஒற்றை "டாங்க்". திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் பொய்யாகாது. நாட்டுக்குரங்குகள்கூடக் கடமானின் அபாயக் குரலைப் புரிந்துகொண்டு நடந்துகொள்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனவே குரங்குகள் மரத்தில் ஏறி ஒரே திசையில் கத்தினால், அந்தத் திசையை நீங்களும் பாருங்கள்.

ஒரே ஒரு குரல், பிறகு அமைதி

விட்டுவிடுங்கள். காய்ந்த கிளை விழுந்ததற்கும், மயில் இறங்கியதற்கும் மான் ஒருமுறை கத்தும். ஒற்றைக் குரலைத் துரத்திப் போனால் நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்ததையும் இழப்பீர்கள்.

குரலைத் தேடிப் போனால் எதிரே காட்டெருமை

ஏற்காட்டில் இது எந்த நாளும் நடக்கக்கூடியது. பலாப்பழக் காலத்தில் வீட்டு வாசல்வரை வரும். பெரிய காளை ஆயிரம் கிலோகூட இருக்கும். மூக்கால் சீறும் ஒரு கடுமையான காற்றுச் சத்தம் கேட்டால் மானை மறந்துவிடுங்கள், அது உங்களுக்கான எச்சரிக்கை. ஓடாதீர்கள், கத்தாதீர்கள், போட்டோவுக்காக ஓரடிகூட முன்னால் வைக்காதீர்கள். முகம் அதன் பக்கம் இருக்க மெதுவாகப் பின்வாங்கி, பெரிய மரமோ பாறையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் வரும்படி விலகுங்கள். கூட்டத்தைவிட ஒற்றைக் காளையும், கன்றுள்ள பசுவும் ஆபத்து. மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைக்கு உட்கார்வதையே நிறுத்திவிடுங்கள். பத்தடியில் நிற்பதுகூடத் தெரியாது.

போனில் மான் குரலை ஒலிக்கவிட்டேன், ஒன்றும் வரவில்லை, அல்லது எல்லாம் ஓடிவிட்டது

இரண்டுமே எதிர்பார்க்க வேண்டியதுதான். இணையத்தில் கிடைக்கும் குரல்களில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானுடையவை. கிடாவின் உறுமலுக்கு ஊதுகுழல், பெட்டையின் கனைப்புக்குக் கவிழ்த்தால் சத்தம் போடும் டப்பா, சண்டைக்குக் கொம்பு. அங்கே பல மாநிலங்களில் நவம்பரை ஒட்டி வரும் கூடற்காலத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. அந்தப் பருவத்துக்கு வெளியே அங்கேயே சரியாக வேலை செய்யாது. நம்ம மானுக்கு அது அந்நிய மொழி.

அங்கே விவரம் தெரிந்தவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பதில் நமக்கும் பாடம் இருக்கிறது. அவர்கள் ஓயாமல் ஊதுவதில்லை. மான் தங்களை நோக்கிப் பார்க்கும்போது ஊதுவதில்லை, விலகிப் போகும்போது மட்டும் மெதுவாக ஒருமுறை. குரல் கேட்ட கிடா நேராக வராது, காற்று தன் மூக்குக்கு வரும்படி சுற்றிக்கொண்டு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, குரலைவிட அமைதியும் காற்றும்தான் அங்கேயும் வேலை செய்கின்றன.

இங்கே ஏன் கூடவே கூடாது? 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அவற்றுக்கான முயற்சி எல்லாமே அதில் அடக்கம். உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் 1991 திருத்தத்தோடு மூடப்பட்டது. குரல் போட்டு மானை வரவழைத்தால் அந்த வரையறைக்குள் உங்களைக் கொண்டுவர இடம் உண்டு, போட்டோவுக்குத்தான் என்ற பதில் உதவாமல் போகலாம். சட்டத்தை விடுங்கள், மானின் பக்கம் பாருங்கள். அபாயக் குரலைப் போட்டால் மேய்ச்சலை விட்டு ஓடும், கோடையில் ஒரே ஒரு ஊற்றை நம்பியிருக்கும் கூட்டம் தண்ணீர் குடிக்காமல் திரும்பும். குட்டியின் கதறலைப் போட்டால் தாய் தன் உயிரைப் பணயம் வைத்து வெளியே வரும். திருட்டு வேட்டைக்காரன் பயன்படுத்தும் பலவீனம் அதுதான். அதை நாம் தொடவே கூடாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பதிவு செய்தேன், கேட்டால் காற்றுச் சத்தம் மட்டும்

போனைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் உரசும் சத்தம்தான் பெரிதாகப் பதியும். மைக் பக்கத்தில் ஒரு துண்டுப் பஞ்சு அல்லது காலுறை சுற்றி, காற்று மறைவில் ஒரு கல்லின்மேல் வையுங்கள். முடிந்தால் சுருக்கப்படாத வேவ் வடிவில் பதியுங்கள். குரைப்பு நின்றதும் பதிவை நிறுத்தும் முன் இடம், மணி, காற்று, என்ன பார்த்தீர்கள் என்பதை மெல்லச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அது நினைவில் இருக்காது. மெர்லின் போன்ற செயலி பறவைக்காக உள்ளது, மான் குரைப்புக்கு அதனிடம் விடை தேட வேண்டாம்.

குரைப்பு இல்லை, இழுத்த அலறல்

மேலே சொன்ன எதிலும் சேராத, விடாத, கிழிந்த குரல் இது. ஆடு கத்துவதுபோலத் தொடங்கி உயரும். கம்பிச் சுருக்கில் மாட்டிய மான், நாய்கள் துரத்தும் மான், கிணற்றில் விழுந்த மான் என்று மூன்றில் ஒன்று. கோடையில் தண்ணீர் தேடி அடிவாரக் கிராமங்களுக்கு வரும் புள்ளிமான்கள் நாய்களிடம் சிக்குவது வழக்கம்.

சுருக்கு வைத்தவர் பக்கத்திலேயே இருக்கலாம். இரவில் டார்ச் வெளிச்சமோ வெடிச்சத்தமோ கூடவே இருந்தால் நெருங்கவே வேண்டாம். விலகி வந்து சேர்வராயன் வடக்கு அல்லது தெற்கு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எந்தச் சாலை, எந்த ஊருக்கு அருகில், எந்தப் பக்கச் சரிவு, எத்தனை மணிக்குக் கேட்டது, வண்டி நின்றதா, இவ்வளவு சொன்னால் அவர்கள் தேட முடியும். மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது.

நாய்கள் துரத்தி ஊருக்குள் வந்த மான் என்றால் முதலில் நாய்களைக் கட்டச் சொல்லுங்கள், பிறகு கூட்டத்தைக் கலையச் சொல்லுங்கள். காயமே இல்லாத மான்கூட ஓடிய களைப்பிலும் பயத்திலும் தசை கெட்டுச் செத்துப்போகும். அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுப்பது பாதி உயிரை எடுப்பது. அது அசையாமல் விழுந்து கிடந்தால் மட்டும் ஒரு துணியை மெல்லக் கண்ணின்மேல் போட்டு, சத்தமில்லாமல் தள்ளி நில்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

புல்லுக்குள் தனியாக, சத்தமே போடாமல் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்தால் தொடாதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. நீங்கள் நகர்ந்தால்தான் அது திரும்பி வரும்.